பாறை இடுக்கில் ஒரு முற்பகல்

திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடிந்ததும் விடியாததுமாகத் திறந்துவிடுவோம். கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எல்லோரும் ஏதாவது பேசுவார்கள். சர்க்கரை ஏறியதற்கு மருமகள்தான் காரணம் என்பார் ஒருவர். மகன் துபாயிலிருந்து பேசி மாசக்கணக்காகிறது என்பார் இன்னொருவர். ஊசி ஏறும் பயத்தை மறைக்கத்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தலையாட்டிக்கொண்டே நரம்பைத் தேடுவேன். வாரம் முழுக்க அப்படிக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் யார் குரலும் காதில் விழாத இடத்தில் இருக்கவேண்டும் போலிருக்கும். அதற்காகத்தான் மலைக்குப் போக ஆரம்பித்தேன்.

முதலில் கூட வேலை பார்க்கிறவர்களோடு செஞ்சிக் கோட்டைக்குப் போனேன். அங்கே படிக்கட்டு இருந்தது, கூட்டமும் இருந்தது. அதைச் சுற்றிலும் யாரும் ஏறாத மலைகள் எத்தனையோ நிற்பதை மேலிருந்து பார்த்தேன். மலை என்றால் பச்சைப்பசேல் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. வீடு அளவுக்கு உருண்டைப் பாறைகளை யாரோ கொட்டிவிட்டுப் போனமாதிரி இருக்கும். இடையிடையே முள், ஊசிப்புல், சீத்தாச் செடி. அவற்றில் ஒவ்வொன்றாகத் தனியாக ஏறிப் பார்க்கத் தொடங்கினேன். காலையில் ஏறி, உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வெயில் சாய்வதற்குள் இறங்கிவிடுவேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் போய், இப்போது தனியாக இருக்கிறேன். விழுப்புரத்தில் இருக்கும் அண்ணன்தான் அவ்வப்போது விசாரிப்பார். "தனியா ஒரு பொம்பளைக்கு மலையில இன்னா வேலை?" என்று கேட்பார். 

அது புரட்டாசி மாதம். முந்தின நாள் சனிக்கிழமை என்பதால், முதல் பஸ்ஸில் நெற்றி நாமம் அழியாமலே தூங்கிக்கொண்டு சிலர் வந்தார்கள். செஞ்சியில் இறங்கி இட்லி கட்டி வாங்கிக்கொண்டு, அனந்தபுரம் போகிற பஸ்ஸில் ஏறி நடுவில் ஓர் ஊரில் இறங்கினேன். அந்த ஊரின் பேரையும் மலையின் பேரையும் எழுதவில்லை. அன்றைக்கு அங்கே பார்த்த ஓர் அம்மா இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்டிருந்த கொல்லைகளைத் தாண்டி, ஏரிக்கரை மேலே நடந்தால் மலையடிவாரம். வேப்பமரத்தடியில் ஒரு டிவிஎஸ் வண்டி நின்றது. பின்னால் காலிப் பிளாஸ்டிக் கூடை கட்டியிருந்தது. யாரோ ஆடு மேய்க்க வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

முந்தின நாள் காலையில் தூறல் போட்டிருந்ததால் நிழலாக இருந்த பாறைகளில் இன்னும் பாசி வழுக்கியது. பாதி மலை ஏறியிருப்பேன். கீழேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"பாப்பாப்பா... ஏ பாப்பாப்பா..."

பாப்பாவின் அப்பாவைக் கூப்பிடுகிறார். குரலில் கோபம் இருந்தது. அவர் ஏறி வரும்வரை நின்றேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார், வேலைக்குப் போகிற கோலம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஏம்மா, மேல யாராச்சும் ஆளப் பாத்தியா?"

"இல்லக்கா. நானும் இப்பதான் கீழேருந்து ஏறி வர்றேன்."

"கீழ வண்டி நிக்குதே பாத்தியா? அது எங்க வூட்டுக்காரரோடது. நேத்து மதியானம் சீத்தாப்பழம் பறிக்க வந்தவரு. போன் போட்டா போவல. பழத்தை வித்துட்டு அனந்தபுரத்துல குடிச்சிட்டு வுழுந்து கெடக்கறாருன்னு நெனச்சேன். காத்தால கொல்லைக்குப் போறப்ப பாக்கறேன், வண்டி இங்கியே நிக்குது."

"மேலயே தங்கிட்டாரா?"

"பாட்டிலு கொண்டாந்திருப்பாரு. எங்கனா பாறை மேல படுத்துக்கினு இருப்பாரு. இருக்கட்டும், இன்னிக்கி இருக்குது."

நானும் கூட வருகிறேன் என்றேன். என் பையையும் ஷூவையும் பார்த்தார்.

"தனியாவா வந்த?"

"ஆமாங்க்கா."

"எதுக்கு?"

"சும்மாதான். ஏறிப் பாக்க."

அதற்குமேல் கேட்கவில்லை. எங்கே வேலை என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

எந்தப் பக்கம் பழம் அதிகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மலையின் பின்புறமாகச் சுற்றிப் போனோம். அங்கே குரங்குகள் ஒரு சாக்கைக் கிழித்துப் போட்டுத் தின்றுகொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் பாறை மேல் தாவி உட்கார்ந்துகொண்டன. பாதி தின்ற பழங்களும் கறுப்புக் கொட்டைகளும் சிதறிக் கிடக்க, அதிலெல்லாம் எறும்பு மொய்த்திருந்தது. அந்த அம்மா சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அதன் வாயில் முடிச்சு போடப்பட்டிருந்தது. நிறைத்துக் கட்டி வைத்த சாக்கு அது. கட்டிய ஆள் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் கூப்பிட்ட விதம் மாறிப்போனது. கோபம் போய், குரல் மெல்லிசாக வந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு பாறை மேல் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். நான்தான் கூப்பிட்டேன்.

"அண்ணா... யாராவது இருக்கீங்களா?"

காலுக்குக் கீழேயிருந்து பதில் வந்தது. வார்த்தையாக இல்லை. தொண்டை கமறுகிற மாதிரி ஒரு சத்தம்.

இரண்டு பெரிய பாறைகள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நின்றன. மேலே அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகலாகவும் ஓர் இடுக்கு. அதன் வாயில் ஒரு சீத்தாச் செடி வளர்ந்து, கிளை முறிந்து தொங்கியது. எட்டிப் பார்த்தோம். இரண்டு ஆள் ஆழத்தில் அவர் மல்லாந்து கிடந்தார். ஒரு கால் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. வெளிச்சத்துக்குக் கூசிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா தொடையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏன்யா... ஏன்யா அங்க போயி எட்டுன..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து இறங்கப் பார்த்தார். நெஞ்சளவு இறங்கியதும் உடம்பு சிக்கிக்கொண்டது. மேலே இழுத்துவிட்டேன்.

"நீ ஒல்லியாக்கீற. நீ எறங்குவியாம்மா?"

அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார், என் போனில் சிக்னல் இல்லை. ஏரிக்கரையில் டவர் கிடைக்கும் என்றார் அவர். பூட்டை எடுத்துவிட்டுப் போனை அவர் கையில் கொடுத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட எதை அழுத்தவேண்டும் என்று காட்டினேன். முதலில் அதற்குச் சொல்லிவிட்டு, பிறகு ஊருக்குள் போய்க் கயிறோடு ஆட்களைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் குனிந்து இடுக்குக்குள் பேசினார்.

"இந்தம்மா ஆஸ்பத்திரி அம்மா. பாத்துக்கும். நான் ஜல்தியா ஆளுங்கள இட்டுக்கினு வந்துர்றேன்."

ரத்தம் எடுப்பது மட்டும்தான் என் வேலை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் வெறுங்காலோடு பாறைக்குப் பாறை தாவி இறங்கிப் போய்விட்டார்.

முதுகை ஒரு பாறையிலும் காலை எதிர்ப் பாறையிலும் முட்டுக்கொடுத்து இறங்கினேன். உள்ளே வௌவால் வாடையும் மூத்திர நாற்றமும். அவர் தலைமாட்டில் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்காரத்தான் இடம் இருந்தது. தண்ணீர் கேட்டார். கொடுக்கலாமா கூடாதா என்று குழம்பினேன். கடைசியில் துப்பட்டா நுனியை நனைத்து உதட்டில் பிழிந்தேன். அவர் துணியைப் பல்லால் கடித்து உறிஞ்சினார்.

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வெளுத்துப் போயிருந்தது. நாடி மெலிந்து, எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எல்லாம் உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. எட்டி, மடங்கியிருந்த காலின் பாதத்தை அழுத்திக் கிள்ளினேன். அவருக்குத் தெரியவில்லை.

"கால்ல எதுனா பண்ணுறியா?"

"இல்லண்ணா. சும்மா பாத்தேன்."

"காலு இருக்குதா?"

"இருக்குதுண்ணா."

என் முகத்தைப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

"திண்டிவனம்ணா."

"இங்க எங்க வந்த?"

"மலை ஏற."

"பைத்தியம்," என்றார். பிறகு, "பழம் இருக்குதா மேல?"

"இருக்குதுண்ணா. அப்படியே இருக்குது."

அவர் நல்ல வார்த்தை பேசுகிற மனிதராக எனக்குத் தெரியவில்லை. வலி வரும்போதெல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டினார். பாறையைத் திட்டினார், என்னையும் திட்டினார். திட்டும் தெம்பு இருந்தவரை எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நடுவில், விட்டுவிட்டு, முந்தின நாள் நடந்ததைச் சொன்னார்.

"பொழுது சாயறதுக்குள்ள கெளம்பலாம்னு இருந்தேன். இந்தச் செடியில ஒண்ணு பெருசா இருந்திச்சி. எட்டுனேன், வழுக்கிடுச்சி. வுழுந்ததுலருந்து கத்துறேன். அந்நேரம் பாத்து பெருமாள் கோயில்ல செட்டு போட்டுட்டானுங்க. மலையெல்லாம் பாட்டு. அவனுங்க நிறுத்தறப்ப எனக்குத் தொண்டை இல்ல."

நான் துணியை நனைத்து மறுபடியும் பிழிந்தேன்.

"அவ வரல பாத்தியா. ராத்திரியே வந்து பாத்திருக்கலாம் இல்ல? வண்டி அங்கதான நிக்குது. ஒரு எட்டு வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நீங்க குடிச்சிட்டு எங்கயோ இருக்கீங்கன்னு நெனச்சிட்டாங்கண்ணா."

"குடிப்பேன். இல்லன்னு சொல்லல. குடிச்சிட்டு ஒரு நாளாச்சும் வூட்டுக்கு வராம இருந்திருக்கனா? எத்தினி வருசமா கூட இருக்கறா? அவளுக்குத் தெரியாது?" மூச்சு வாங்கியது. "சொல்லு அவகிட்ட. நான் கேட்டேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

வெயில் ஏறி, பாறை சூடாகிவிட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவருக்கோ உடம்பு நடுங்கியது. பையிலிருந்த துண்டையும் என் துப்பட்டாவையும் போர்த்தினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பொழச்சிக்குவனா?"

"ஆளுங்க வந்துக்கினு இருக்காங்கண்ணா."

"அத கேக்கல. நீ ஆஸ்பத்திரில இருக்கறவதான? சொல்லு."

எங்கள் நிலையத்தில் யாராவது ரிசல்டைப் பார்த்துவிட்டு இது மோசமா என்று கேட்டால், டாக்டர் சொல்லுவார் என்று சொல்லி அனுப்பிவிடுவோம். பத்து வருஷத்துக்கு மேலாக அதையே சொல்லிப் பழகிவிட்டேன். அங்கே கைகாட்ட யாரும் இல்லை. இன்னொரு கையால் துண்டை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை.

மூச்சு நீண்டு நீண்டு வந்தது. இடையில் ஏதோ முனகினார், எனக்குப் புரியவில்லை. நேர் மேலேயிருந்து வெயில் உள்ளே விழுந்தபோது அவர் வாயோரத்தில் ஈ உட்கார்ந்தது. விரட்டினேன். மறுபடியும் உட்கார்ந்தது. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கழுத்தில் நாடி பார்த்தேன். இல்லை. ஒருமுறை பார்த்து இல்லை என்று தெரிந்தும் கையை எடுக்காமலே இருந்தேன். ஆட்கள் வரும்வரை ஈயை விரட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த அம்மாவின் குரல்தான் கேட்டது. அவர் தலை இடுக்கின் வாயில் தெரிந்தது.

"பேசிக்கினு இருக்காரா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.  அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். அழுகைச் சத்தம் உடனே வரவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர்தான் "ஐயோ" என்றார்.

உள்ளே இறங்கக்கூடிய உடம்பு வந்தவர்களில் யாருக்கும் இல்லை. போர்வையையும் கயிற்றையும் என்னிடம் விட்டார்கள். அக்குளுக்கு அடியில் எப்படிக் கொடுத்துவாங்கிக் கட்டவேண்டும் என்று மேலேயிருந்து சொன்னார்கள், நான் கட்டினேன். மடங்கியிருந்த காலை எடுத்து நேராக்கியதும் நான்தான். அவர்கள் இழுத்தபோது அவர் தலை பாறையில் இடிக்காமல் இருக்க, என்னால் எட்ட முடிந்தவரை கையைக் கொடுத்துப் பிடித்திருந்தேன். பிறகு அதே கயிற்றை எனக்கு விட்டார்கள்.

கயிற்றுக் கட்டிலில் கிடத்தி இறக்கினார்கள். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. அதில் வந்தவர் பார்த்துவிட்டு, இனி போலீஸ் வரவேண்டும் என்றார். காத்திருந்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"கடைசியா இன்னா சொன்னாரு?"

சுற்றிலும் ஊர்க்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்களத்தான் கேட்டுக்கினு இருந்தாருக்கா. பாப்பாவ நல்லா படிக்க வைக்கச் சொன்னாரு."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போலீஸ்காரர் என் பேர், ஊர், வேலை எல்லாம் எழுதிக்கொண்டார். "தனியா எதுக்கும்மா மலைக்குப் போனீங்க?" என்று கேட்டார். சொன்னேன். வேறு இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் அது சரியான கேள்வி போலத்தான் பட்டது.

அண்ணன் விழுப்புரத்திலிருந்து பைக்கில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.  அவர் வீட்டு வாசலிலேயே அண்ணி தண்ணீர் எடுத்து வைத்திருந்தார். குளிக்கும்போது மணிக்கட்டில் நகம் பதிந்த தடம் எரிந்தது. ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தபோது அண்ணன், "போனா போனதுதான். இனிமே போவாத," என்றார். போனது என்று அவர் சொன்னது மலையையா, அந்த மனிதரையா என்று தெரியவில்லை. 

மறுநாள் வேலைக்குப் போனேன். வந்தவர்கள் கையை நீட்டினார்கள், பேசினார்கள். நரம்பு தேடி மணிக்கட்டைத் தொடும்போதெல்லாம் கொஞ்சம் நின்று நின்று செய்தேன். வேறு மாற்றம் எதுவும் யாருக்கும் தெரிந்திருக்காது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்த அம்மா வந்தார். கூட்டம் குறைகிற நேரம். வெளிப் பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். டெஸ்ட் எடுக்க வந்திருப்பார் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டேன்.

"அதுக்கு வரல. ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்," என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே உட்காருகிற எல்லோரையும் போலக் கையை நீட்டப் போய், மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பாவ படிக்க வைக்கச் சொன்னாருன்னு சொன்னியே. பாப்பாவுக்குக் கல்யாணம் ஆயிடிச்சி. மேல்மலையனூர் பக்கம் குடுத்திருக்கறோம். கையில கொழந்தை இருக்குது."

எனக்குத் தலை நிமிரவில்லை. பாப்பா என்றதும் ஸ்கூல் போகிற பெண் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ நல்லதுக்குத்தான் சொன்ன. அங்க வெச்சே தெரியும் எனக்கு. ஜனங்க இருந்தாங்க, கேக்கல. ஆனா அவரு நெஜமா இன்னா சொன்னாருன்னு தெரியாம படுத்தா தூக்கம் வரல. சொல்லிடு."

கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். கோயில் செட்டு, அவர் கத்தியது, ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாமே என்றது, ஒரு நாளாவது வீட்டுக்கு வராமல் இருந்திருக்கிறேனா என்று கேட்டது, அதை உங்களிடம் சொல்லச் சொன்னது. அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். கெட்ட வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். என்னைப் பைத்தியம் என்றதையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. முந்தானையை இழுத்து விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதான் அவரு பேச்சு. இப்பதான் அவரு பேசினாப்பல இருக்குது," என்றார்.

சுற்றிய முந்தானையைப் பிரித்துவிட்டு அவராகவே பேசினார்.

"வராம இருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்மா. கதவத் தொறந்து தொறந்து பாத்துக்கினுதான் இருந்தேன். இருட்டுல தனியா மலைக்குப் போவ பயம். யாரையாச்சும் எழுப்பலாம்னு தெருவுல எறங்குனேன். குடிகாரனத் தேட எங்கள எழுப்புறியான்னு முன்ன ஒருக்கா கேட்டுட்டாங்க. அந்த வெக்கத்துல திரும்பி உள்ள போயிட்டேன். அவ்ளோதான். அந்த வெக்கந்தான்."

ராத்திரியே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்பாரோ என்று பயந்துகொண்டிருந்தேன்.  பிழைத்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்ததால்தானோ என்னவோ.

டீ வரவழைத்தேன். பாதி குடித்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். செஞ்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. இப்போது என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். செடியிலிருந்து மல்லாட்டைக் காய் ஆயும் கூலிக்குப் போவதாகச் சொன்னார். வண்டியை விற்றுவிட்டாராம், மலைப் பக்கமாக இருக்கும் கொல்லைகளுக்கு மட்டும் கூப்பிட்டாலும் போவதில்லையாம். பஸ் எடுத்தார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர் எதிரே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் மேம்பாலப் பக்கம் திரும்பும்வரை நின்றுவிட்டு, சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் திரும்பி நடந்தேன்.